4 அங்குலமா, 6 அங்குலமா? ரிவால்வர் குழலும் குண்டின் வேகமும்

கேள்வி: இலக்குப் பயிற்சிக்கு .357 மேக்னம் ரிவால்வர் வாங்கப் போகிறேன். 4 அங்குலத்துக்குப் பதில் 6 அங்குலக் குழல் எடுத்தால், அங்குலத்துக்கு விநாடிக்கு 100 அடி வேகம் கூடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: வேகம் கூடும், ஆனால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். வெடிமருந்து எரிந்து வரும் வாயுதான் குண்டைத் தள்ளுகிறது. குண்டு முன்னே போகப்போக அதன் பின்னால் இடம் பெருகி, அழுத்தம் இறங்கிவிடும். அதனால் 2 அங்குலத்திலிருந்து 4-க்குப் போகும்போது கிடைக்கும் லாபம் 4-லிருந்து 6-க்குக் கிடைக்காது. பெரும்பாலும் அங்குலத்துக்குச் சில பத்து அடிகள்தான். .357 ரிவால்வரிலேயே சுடக்கூடிய, வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அதுவும் குறையும்.

விற்பவர் சொல்லாத இன்னொன்று, சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளை) குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். வாயு அதன் வழியாகப் பக்கவாட்டில் பீறிட்டு வீணாகும். இடைவெளி அதிகமுள்ள 6 அங்குலத்தை நெருக்கமாகப் பொருந்திய 4 அங்குலம் முந்தினாலும் ஆச்சரியமில்லை.

இதற்கு விலக்கு 1895-இன் நகான் ரிவால்வர். அதில் சுத்தியலை இழுத்ததும் சிலிண்டரே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டா உறையின் வாயும் குண்டைத் தாண்டி நீண்டு குழலுக்குள் நுழைந்து அடைத்துவிடும். வாயு வெளியேற வழியே இல்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போவது அந்த ரகம் அல்ல.

அப்புறம், தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம். எந்தக் குழலில் அளந்தது, இடைவெளி உள்ளதா இல்லாததா என்பதெல்லாம் பல பெட்டிகளில் இருப்பதே இல்லை. இடைவெளி இல்லாத நீண்ட சோதனைக் குழலில் அளந்த எண், உங்கள் ரிவால்வரில் வரவே வராது. குழலின் நீளத்தைச் சொல்லாமல் வேகத்தை அச்சிட ஏன் இன்னும் விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வாங்குகிறவருக்கு ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

சுழல் சிலிண்டர் இல்லாத பிஸ்டல்களோடு ஒப்பிடுவதும் தவறு. அவற்றில் தோட்டா அமரும் அறையையும் சேர்த்தே நீளம் சொல்வார்கள். ரிவால்வரில் சிலிண்டர் கணக்கில் வராது.

சரி, 6 அங்குலம் வேண்டாமா? இலக்குப் பயிற்சிக்கு வேண்டும். முன் பின் குறிமுள்களுக்கு இடையே தூரம் கூடினால் குறிபார்ப்பதில் பிழை குறையும். அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். வேகத்துக்காகக் கூடுதல் பணம் கேட்டால், நீங்கள் சுடப்போகும் அதே தோட்டாவை இரண்டிலும் போட்டு, வேகமானியில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.