பக்னரை யார் மன்னிப்பது?

அன்புள்ள ஐயா,

பேஸ்பால் வீரர் பில் பக்னரை வைத்து ஒரு சிறுகதை எழுதி இணைத்திருக்கிறேன். 1986 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பைத் தொடர்) கால்களுக்கிடையே ஒரு பந்தை விட்டு, பாஸ்டன் ரெட் சாக்ஸின் கோப்பையைப் பறிகொடுத்தவர். 2008-இல் ஊரே எழுந்து நின்று அவரை மன்னிப்பதோடு கதை முடிகிறது. அவரே சொல்வதாக எழுதுவதா, வெளியிலிருந்து சொல்வதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எப்படி எழுதினாலும் குடிமுழுகிப் போகாது. உங்கள் மொழி நன்றாக இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்கு ஐஸ் வைத்தபடி அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அருமை.

ஆனால் அந்தச் சில நொடி வீடியோவைத் தவிர வேறெதையும் நீங்கள் பார்க்கவில்லை என்பது வரிக்கு வரி தெரிகிறது. எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர் சமீபத்தில் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஆண்டுவிழா மேடையில் அவர் தடுக்கி விழுந்ததையே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கதை வந்து சேர்ந்தது.

முழு இன்னிங்ஸையும் பாருங்கள். அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ரெட் சாக்ஸ் 5-3 முன்னிலை. எதிரணியான மெட்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். பேஸில், அதாவது ஓடி வந்து நிற்கும் இடங்களில், ஒருவருமில்லை. அப்புறம் வரிசையாக மூன்று ஹிட் (பந்தை அடித்து பேஸைச் சேர்வது), 5-4. ரெட் சாக்ஸின் பாப் ஸ்டான்லி எறிந்த பந்து கேட்ச்சர் கைக்குச் சிக்காமல் ஓடியது, 5-5. கவனியுங்கள், சமன்! மெட்ஸின் மூக்கி வில்சன் அடித்த பந்து பக்னரிடம் உருண்டு வந்தது அதற்குப் பிறகுதான். அவர் அதைப் பிடித்து வில்சனை அவுட் ஆக்கியிருந்தாலும் பதினோராவது இன்னிங்ஸ் நடந்திருக்கும், அவ்வளவுதான். கோப்பை அன்று போகவும் இல்லை. ஏழாவது ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் 3-0 முன்னிலை பெற்றும் 8-5 என்று தோற்றார்கள். உங்கள் கதையில் அந்த ஆட்டமே இல்லை.

கணுக்கால் அப்படியிருந்தும் முதல் பேஸைக் காக்க அவரை ஏன் நிறுத்தினார்கள் என்றும் நீங்கள் கேட்கவில்லை. அந்தத் தொடரில் ஜெயிக்கிற கட்டத்தில் அவருக்குப் பதில் டேவ் ஸ்டேப்பில்டனை இறக்குவதுதான் மேலாளர் மெக்னமாராவின் வழக்கம். அன்று இறக்கவில்லை.

22 சீசன், 2,715 ஹிட், 1980-இல் நேஷனல் லீக் (அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) பேட்டிங் பட்டம். இதெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறது, ஐயா!

சரி, மன்னிப்புக்கு வருவோம். 1990-இல் அவர் ரெட் சாக்ஸுக்குத் திரும்பி வந்தபோதே பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2008-இல் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில், அந்த சீசனில் அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு முன் மரியாதைக்காக முதல் பந்தை எறிந்த அன்று அவர் சொன்னதே வேறு: தானும் குடும்பமும் பட்ட பாட்டுக்காக, ஊடகங்களைத் தான் மனதுக்குள் மன்னிக்க வேண்டியிருந்தது என்றார். உங்கள் கடைசிப் பத்தியில் அவர் தலைகுனிந்து நிற்கிறார். அதை முழுக்க அடித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.