கடற்கரையில் குப்பை பொறுக்கினால் படிப்பு கெடுமா?

கேள்வி: என் மகள் கடலூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், கணக்கு-உயிரியல் பிரிவு. பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். சில சனி, ஞாயிறுகளில் தேவனாம்பட்டினம் கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறாள். அடுத்து ஏழு நாள் முகாம் வேறு வருகிறது. 'நீட் எழுதப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?' என்று என் கணவரும் மாமியாரும் கேட்கிறார்கள். போன வாரம் அவளே, 'போறோம், பேனர் பிடிச்சு போட்டோ எடுக்கிறோம், வந்துடுறோம்மா. அடுத்த வாரம் போனா அதே குப்பைதான் கிடக்குது' என்று அலுத்துக்கொண்டாள். நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் மகள் சொன்னதை லேசாக விட்டுவிடவும் வேண்டாம். வீட்டுப் பெரியவர்களின் கவலை மதிப்பெண்ணைப் பற்றியது. அவளுடைய கவலை, தான் செய்கிற வேலையால் யாருக்காவது பயன் இருக்கிறதா என்பது. பதினாறு வயதில் இந்தக் கேள்வி வருகிறது என்றால் பிள்ளை நன்றாக யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. ஆண்டு முழுவதற்கும் பிரித்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட வராது. அதோடு ஒரு சிறப்பு முகாம். இதனால் நீட் கெட்டுப்போகாது. சேவைக்குப் போனால் மதிப்பெண் கூடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டராக ஆசைப்படும் பிள்ளை, முன்பின் தெரியாத மனிதரிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேள்வி கேட்கப் பழகுவது எங்கே? கோச்சிங் சென்டரில் அதற்கு வகுப்பு கிடையாது.

சரி, அவளுடைய அலுப்புக்கு வருவோம். அது நியாயமானது. பொறுக்குவது, மூட்டை கட்டுவது, படம் எடுப்பது என்று மூன்றோடு முடிந்துவிட்டால் அது ஒரு நாள் துப்புரவு வேலை. அந்த வேலையை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் தினமும், பிள்ளைகளைவிடத் திறமையாகவே செய்கிறார்கள். மாணவர்கள் போவதற்கு வேறு பயன் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேர சமூகப் பணி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வேலையை மட்டும் பார்ப்பதில்லை. போவதற்கு முன் அதைப் பற்றிப் படித்துத் தயாராவது, போய்வந்த பிறகு என்ன புரிந்தது என்று யோசித்துப் பேசுவது, இரண்டும் சேர்ந்ததுதான் பணி. நம் பிள்ளைகளுக்கு நடுப்பகுதி மட்டும் கிடைக்கிறது.

'அதே குப்பைதான்' என்றாளே, அது அதேதானா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரையில் ஒரே இடத்தில் நூறு அடி நீளம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அங்கே கிடப்பதை வகை பிரித்து எழுதட்டும். டீ கப் எத்தனை, தண்ணீர் பாட்டில் எத்தனை, அறுந்த வலைத் துண்டு எத்தனை, கேரி பேக் எத்தனை? சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் மாசி மகத் தீர்த்தவாரிக்கு மறுநாளுக்கும் வித்தியாசம் தெரியும். கெடிலம் ஆறு ஊருக்குள் ஓடி அந்தப் பக்கம்தான் கடலில் சேருகிறது. நல்ல மழைக்கு அடுத்த நாள் போனால், கரையில் கிடப்பதில் எவ்வளவு கடற்கரைக்கு வந்தவர்கள் போட்டது, எவ்வளவு நம் தெருவிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்தது என்ற கேள்வி தானாக எழும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களில் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தப் பொருட்கள் இன்னும் எத்தனை கிடக்கின்றன என்று நான்கு மாதக் கணக்கு கையில் இருந்தால், மாநகராட்சிக்கோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கோ ஆசிரியரோடு போய் மனுவாகவே கொடுக்கலாம். வெறும் கோஷத்துக்குக் கிடைக்காத மரியாதை எண்களோடு எழுதிய மனுவுக்குக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் நம் ஊரில் காத்திருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னாலேயே சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா பக்கமெல்லாம் புகுந்தது உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை அடி நின்றது, எந்த வழியாக முதலில் ஏறியது, எந்த வீட்டு மாடியில் அக்கம்பக்கத்தார் ஒதுங்கினார்கள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? ஊர்க்காரர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து வைத்தால் அடுத்த மழைக்கு ஊராட்சிக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவும். ஒரு டேப்பும் நோட்டும் போதும். சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருந்தால் அளக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்காரர் கைகாட்டுகிற உயரத்தை அளக்கலாம். பதிவு செய்வது, சராசரி எடுப்பது, வரைபடமாக்குவது எல்லாம் அவள் பள்ளியில் படித்ததுதான். 2004 சுனாமி, 2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம் என்று உங்கள் மாமியாரும் நிறையப் பார்த்திருப்பார். முதலில் அவரிடமே உட்கார்ந்து கேட்டுப் பழகட்டும்.

இதில் ஒன்றை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நம் கடலோர மக்கள் நோட்டோடு வந்த பலரைப் பார்த்துவிட்டார்கள். யாராவது பெயர் எழுதினாலே, 'நிவாரணம் வருதாம்மா?' என்றுதான் கேட்பார்கள். அப்போது சங்கடப்பட்டு 'வரும்' என்று சொல்லிவிடக் கூடாது. 'நாங்கள் பள்ளிப் பிள்ளைகள், பணம் வாங்கித் தர எங்களால் முடியாது, தண்ணீர் வந்த கணக்கை எழுதி ஊராட்சியில் கொடுக்கப் போகிறோம்' என்று நேராகச் சொல்ல வேண்டும். எழுதியதை அக்டோபர் 2 கிராம சபையில் அந்த மக்களிடமே காட்டி, தப்பிருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். அவர்களிடம் அனுமதி கேட்காமல் படம் எடுக்கவே கூடாது. அதுவும் உதவி வாங்குகிற கையோடு சேர்த்து ஒருவரைப் படம் எடுப்பதைப் போல மனம் நோகச் செய்வது வேறில்லை.

மரம் நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5 என்று அன்றைக்கே நட்டுவிடுகிறார்கள். நமக்கு மழை அக்டோபரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை. ஜூன் வெயிலில் நட்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட்ட கன்று எப்படிப் பிழைக்கும்? செப்டம்பர் கடைசியில் நட்டு, யார் எந்தக் கன்றுக்குப் பொறுப்பு என்று பெயர் எழுதி வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனையையும் பிள்ளை தனியாகச் செய்ய முடியாது. பொறுப்பாசிரியரை நீங்களே போய்ப் பாருங்கள். குறை சொல்லப் போகாதீர்கள். அவருக்குப் பாடம் நடத்துவதோடு இதுவும் சேர்ந்த சுமை. 'ஆண்டு முழுக்க ஒரே ஊர், ஒரே வேலை என்று வைத்துக்கொள்ளலாமா சார், பெற்றோர் இரண்டு பேர் கூட வருகிறோம்' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொள்வார்கள். வீட்டில் அவள் ஒரு நோட்டுப் போடட்டும். ஒவ்வொரு முறை வந்த பிறகும் அரைப் பக்கம்: என்ன பார்த்தேன், எது நான் நினைத்ததற்கு மாறாக இருந்தது, யாரிடம் இன்னும் கேட்க வேண்டும்.

கடற்கரை வேலைக்குக் கெட்டியான கையுறையும் ஷூவும் கட்டாயம். உடைந்த பாட்டிலும் ஊசியும் மணலுக்குள் கிடக்கும், ஊசியைப் பிள்ளைகள் தொடவே கூடாது, பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடல் இன்னும் மோசம்.

முகாமுக்கு அனுப்பலாமா? அனுப்பலாம், சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு. இரவு தங்கும் இடத்தில் ஆசிரியை உடன் இருப்பாரா, கழிப்பறை, தண்ணீர் வசதி எப்படி, உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம்? அப்புறம், என்ன வேலை என்பதை அந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்தார்களா? கேட்கவில்லை என்றால் முகாமுக்கு முன்பே ஒரு நாள் நாலைந்து மாணவிகளை ஆசிரியையோடு அங்கே அனுப்பி, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் மகளும் அந்தக் குழுவில் இருக்கட்டும்.