பத்துக் கன்றுகள் ஒரு புளியமரம் ஆகுமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு வரும் சாலையின் இருபுறமும் நிற்கும் பெரிய புளியமரங்களைச் சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டப்போகிறார்கள். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நட்டுவிடுவார்களாம். 'ஒன்று போய்ப் பத்து வந்தால் ஊருக்கு லாபம்தானே' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அவர்கள் கணக்குக் கேட்பதால் கணக்கிலேயே தொடங்கலாம். 20 மீட்டர் அகலத்துக்குக் கிளை விரித்த ஒரு புளியமரம் ஏறத்தாழ 314 சதுர மீட்டர் தரையை மூடி நிற்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்குத் தழைத்த கன்று ஒரு சதுர மீட்டரைக்கூட மூடுவதில்லை. அந்த ஒரு மரத்தின் நிழலை ஈடுகட்ட இத்தகைய கன்றுகள் 400 வேண்டும் என்னும்போது, பத்துக் கன்றுகள் தருவது நாற்பதில் ஒரு பங்குதான். அந்தப் பத்தும் ஆடுமாடுகளுக்குத் தப்பி, முதல் இரண்டு மூன்று கோடைகளில் தண்ணீர் ஊற்ற ஆளிருந்து பிழைத்தால்தான் அதுவும் கிடைக்கும். புளி மெதுவாக வளரும் மரம். விதையிலிருந்து வந்த கன்று காய்க்கத் தொடங்கவே ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். உங்கள் சாலை மரங்களின் பருமனை அது எட்டும்போது, இன்று கேள்வி கேட்கும் இளைஞர்கள் தாத்தாக்களாகியிருப்பார்கள்.

நிழல் என்பதும் வெறும் மறைப்பு அன்று. இலைகள், வேர் உறிஞ்சிக் கொடுத்த நீரை ஆவியாக்கும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் அதற்காகச் செலவிடுகின்றன. அதனால்தான் மரத்தடியில் உணரும் குளுமையைத் தகரக் கூரையின் அடியில் உணர முடிவதில்லை. என் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இருந்த ஆலமரத்தை வெட்டிய பிறகு அங்கே நிழற்குடை கட்டினார்கள். சித்திரை வெயிலில் அதனுள் யாரும் உட்காருவதில்லை. பேருந்துக்கு நிற்கும் பெண்கள் எதிரிலுள்ள கடைச் சுவரின் நிழலில் ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

முதிய மரத்தின் பொந்துகளில் புள்ளி ஆந்தையும் மைனாவும் கிளியும் குஞ்சு பொரிக்கின்றன. கன்றில் பொந்து ஏது? ஆண்டுதோறும் புளி மகசூல் ஏலத்தில் வரும் வருமானமும், புளி உலுக்கவும் ஓடு நீக்கிக் கொட்டை எடுக்கவும் போகும் குடும்பங்களின் கூலியும் மரத்தோடு போய்விடும். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலை போட்டு மரம் நட்டதை உங்கள் பகுதி மக்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். வழிநடப்பவருக்கு நிழல் கொடுப்பதைச் சாலைப்பணியின் ஒரு பகுதியாகவே அன்று எண்ணியிருக்கிறார்கள் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

சாலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரவரிசையை நடுத்திட்டாக விட்டு அதன் மறுபுறம் புதிய தடம் போட இடமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, மார்பளவு உயரத்தில் சுற்றளவை அளந்து, படத்தோடு பட்டியலிடுங்கள். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்கு அனுப்புங்கள். அரசு நிலத்து மரங்களை வெட்டுவதற்கான கோரிக்கைகள் அந்தக் குழுவின் பார்வைக்குத்தான் போகும். வெட்டிய பிறகு மனுக் கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: எங்கள் தெருமுனை வேப்பமரத்தின் அடிப்பகுதி குடைந்து பொந்தாகிவிட்டது. விழுந்துவிடும் என்று அஞ்சி வெட்டச் சொல்கிறார்கள். வெட்டத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அச்சம் நியாயமானது, கஜா புயலைக் கண்ட மாவட்டத்தவருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பொந்து விழுந்த மரமெல்லாம் சாகும் மரம் அன்று. மரத்தின் உயிரோட்டம் பட்டையை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. நடுவிலுள்ள வைரம் உயிரற்ற கட்டை. நடுப்பகுதி உளுத்தாலும் சுற்றுச்சுவர் தடித்திருந்தால் மரம் குழாயைப் போல உறுதியாக நிற்கும். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, மண் ஒரு பக்கமாக வெடித்திருக்கிறதா, சாய்வு அண்மையில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் வனத்துறையினரையோ வேளாண் அலுவலரையோ அழைத்துக் காட்டுங்கள். இல்லையென்றால், மழைக்காலத்துக்கு முன் பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் குறைத்தால் போதும். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டிவிடுவதும், சாக்கடை தோண்டும்போது பக்கவேரை அறுத்துவிடுவதும் பொந்தைவிடப் பெரிய ஆபத்து.

கேள்வி: அரசமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறோம். இப்போது இலைகள் சிறுத்து உதிர்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், செய்யாறு

பதில்: வேருக்குக் காற்றும் நீரும் போகவில்லை என்று தோன்றுகிறது. நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி முடிந்த அளவு அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்தெடுங்கள். இயந்திரம் வேண்டாம், உளியும் கடப்பாரையும் கொண்டு பையப்பைய எடுங்கள். திறந்த மண்ணில் மக்கிய இலைகளைப் பரப்பி, மழை வரும்வரை வாரம் ஒருமுறை ஆழ நனையும்படி தண்ணீர் விடுங்கள்.