டிடிஎஃப் மிஷினுக்குக் கடன் வாங்கலாமா?

டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த மகன் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான், டி-ஷர்ட் பிரிண்டிங்குக்கு டிடிஎஃப் மிஷின் (படத்தை ஃபிலிமில் அச்சடித்துத் துணிக்கு மாற்றும் முறை) வாங்கித் தரச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. தொழில் மோசமில்லை. அவிநாசியில் இருக்கிறீர்கள், திருப்பூர் பக்கம். பிரிண்ட் இல்லாத பனியனுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் மிஷின் இப்போது வேண்டாம்.

யாருக்கு, எந்தத் துணியில் அடிக்கப் போகிறான் என்று முதலில் கேளுங்கள். கபடி, கிரிக்கெட் டீம் ஜெர்சி என்றால் பாலியஸ்டர், அதற்கு சப்ளிமேஷன்தான் சரி. சுமார் 200 டிகிரி சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். தடவினால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. ஆனால் வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும்தான் எடுபடும், காட்டனில் நிற்காது.

கல்லூரி விழா டி-ஷர்ட் பெரும்பாலும் காட்டன், அதிலும் கறுப்புதான் கேட்பார்கள். அங்கே டிடிஎஃப். ஃபிலிமில் வெள்ளை மையோடு அச்சடித்து, பசைப் பொடி தூவி உருக்கி, 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்துப் பதினைந்து நொடி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நெஞ்சு முழுக்கப் படம் அடித்தால் நம் வெயிலுக்கு அந்த இடம் புழுங்கும், அது வேறு விஷயம். சிவப்புப் பாலியஸ்டரில் அடிக்கும்போது கவனம் தேவை: சூடு கூடினால் துணிச் சாயம் மேலேறி, வெள்ளை எழுத்து ரோஸ் நிறமாகிவிடும்.

மிஷினை வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த வெள்ளை மைதான். சும்மா விட்டால் அடியில் தங்கி, மை தெளிக்கும் ஹெட்டை அடைத்துவிடும். ஆர்டர் இல்லாத நாளிலும் ஓட்டியாக வேண்டும், ஹெட் போனால் செலவு பெரிது.

அதனால் பிரிண்டைச் சூட்டோடு துணியில் அழுத்தும் ஹீட் பிரஸ், நல்லதாக ஒன்று மட்டும் வாங்கட்டும். டிடிஎஃப் பிரிண்டை மீட்டர் கணக்கில் அடித்துத் தருகிறவர்கள் திருப்பூரிலேயே இருக்கிறார்கள். பெயரும் நம்பரும் மட்டும் போதும் என்றால் வினைல் ஷீட்டில் வெட்டி ஒட்டிவிடலாம். ஒரே டிசைனில் ஐந்நூறு பீஸ் வந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங்காரரிடம் கொடுத்துவிடலாம், அதுதான் மலிவு. எதுவானாலும் ஒரு சாம்பிளை நாலைந்து முறை துவைத்துப் பார்க்காமல் ஆர்டர் எடுக்கக் கூடாது.

ஆறு மாதம் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், வெளியில் பிரிண்ட் வாங்கும் மாத பில், மிஷினின் தவணை, மை, ஃபிலிம் செலவு எல்லாவற்றையும் தாண்டத் தொடங்கினால், அந்த பில்களோடு வங்கிக்குப் போய் முத்ரா கடன் கேட்கட்டும்.