செவ்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோக நினைக்கும் மகளை எங்கே படிக்க வைப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

சாதாரண நிலைத் தேர்வு எழுதிய தங்கள் மகள், செவ்வாய்க் கோளுக்குப் பனிக்கட்டி ஏற்றிச் செல்லும் விண்கலங்களை வடிவமைக்கப் போவதாகச் சொல்வதால் தாங்கள் கலங்கியிருப்பது புரிகிறது. எனக்குக் கவலை தருவது அந்த ஆசை அன்று. வீட்டை விற்றாவது அமெரிக்காவில் விண்வெளிப் பொறியியல் படிக்க வைக்கச் சொல்லும் தங்கள் அண்ணனின் யோசனைதான். அது வேண்டாம். ராக்கெட் தொழில்நுட்பம் அங்கே ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்கு உட்பட்டது என்பதால், குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவருக்குப் பட்டம் பெற்ற பிறகும் அத்தொழிற்கூடங்களில் வேலை கிடைப்பது மிகக் கடினம். சிங்கப்பூரில் நாம் சேமிக்கும் மத்திய சேம நிதியின் கல்விக் கடனும் உள்ளூர்ப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது.

மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். செவ்வாயின் பரப்பு ஏறத்தாழ 14.4 கோடி சதுர கிலோமீட்டர். அதன்மீது ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்க 144 லட்சம் கோடி டன் வேண்டும். சுமார் 1,000 கோடி டன் எடையுள்ள 67பி வால்மீன் முழுவதும் பனிக்கட்டி என்றே கொண்டாலும், அதைப்போல் 14,400 வால்மீன்கள் தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார். அதற்குக் கீழேயே, தென்துருவப் பனி உருகினாலே கோள் முழுவதும் 11 மீட்டர் நீர் நிற்குமென்றால் வெளியிலிருந்து ஏன் சுமக்க வேண்டும், காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் அந்த நீர் எப்படித் தங்கும் என்றும் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்கும் பிள்ளையின் நாட்டம் ராக்கெட்டில் இல்லை, நீரில் இருக்கிறது.

அதற்கான படிப்பு வேதிப்பொறியியல். வேதித் தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவு வேலைக்கான படிப்பு என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடும் இந்த டிப்ளோமாவைச் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டுகளில் முடிக்கலாம். திரவத்தைக் குழாயில் செலுத்துவது, உறையவும் ஆவியாகவும் செய்வது, கலந்ததைப் பிரிப்பது ஆகியவையே இதன் அடிப்படை. பம்பின் அழுத்தமானி மெல்ல ஏறுவதைக் கண்டதும், நீரை வடிகட்டும் சவ்வில் வழவழப்பான படலம் படிந்து துளைகள் அடைபடுகின்றன என்று ஊகிக்கும் கைப்பழக்கம் புத்தகத்தால் மட்டும் வருவதன்று. 2003 முதல் நமக்குப் புதுநீர், அதாவது கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர், கிடைப்பது நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (நீரை அழுத்திச் சவ்வு வழியே செலுத்திப் பிரிப்பது), புறஊதா ஒளி ஆகியவற்றால். அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வீரர்களின் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் ஆகியவற்றிலிருந்து 98 விழுக்காட்டு நீரை மீட்க முடியும் என்று 2023இல் நாசா காட்டியது. முறைகள் வேறானாலும் இரண்டிற்கும் அடிப்படை இந்தக் கல்விதான். டிப்ளோமாவுக்குப் பின் பல்கலைக்கழகம் செல்லவும் வழியுண்டு; நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், நீர் ஆய்வுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

சேர்க்கைப் படிவத்தில் முதல் விருப்பத்தை மகளே நிரப்பட்டும். அதற்கு முன், கல்லூரியின் பொது வரவேற்பு நாளில் அவரை அழைத்துச் சென்று ஆய்வுக்கூடத்தைக் காட்டுங்கள். அண்ணனுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.