கேள்வி: ஒரு கைனேஸின் (புரதங்களில் பாஸ்பேட் வைக்கும் என்சைம்) நேரடி சப்ஸ்ட்ரேட்களை, அதாவது அது தானே பாஸ்பேட் வைக்கும் புரதங்களை, கண்டுபிடிக்க அந்தக் கைனேஸையே மாற்றியமைக்க வேண்டுமா? இன்ஹிபிட்டர் (கைனேஸைத் தடுக்கும் பொருள்) போட்டு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை எடையால் அடையாளம் காணும் கருவி) பார்த்தால் போதாதா?

போதாது. "இன்ஹிபிட்டர் போடு, எதில் பாஸ்பேட் குறைகிறதோ அதுதான் சப்ஸ்ட்ரேட்" என்று உங்கள் லேபில் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் குறைந்தது உங்கள் கைனேஸ் வைத்த பாஸ்பேட்டா, அதற்குக் கீழே வேலை செய்யும் வேறொரு கைனேஸ் வைத்ததா? மனித செல்களில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. எல்லாம் பாஸ்பேட்டை எடுப்பது ஒரே மூலக்கூறான ஏடிபியிலிருந்துதான்.

1997-ல் வேதி உயிரியலாளர் கெவன் ஷோகட் குழு இதற்கு வழி காட்டியது. ஏடிபி உட்காரும் குழியில் 'கேட்கீப்பர்' என்ற இடத்திலுள்ள பெரிய அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு கிளைசினோ அலனினோ வைத்தால் குழி விரிகிறது. கூடுதல் தொகுதி ஒட்டிய பருத்த ஏடிபி இப்படி மாற்றிய கைனேஸில் (மியூட்டன்ட்) மட்டும் நன்றாக நுழையும். அதனால் அந்த ஏடிபியின் பாஸ்பேட் எதில் இருக்கிறதோ, அது அந்தக் கைனேஸே வைத்தது.

என் கைனேஸில் அந்த இடத்தில் இருந்தது மெத்தியோனின். கிளைசின் வைத்ததும் ஆக்டிவிட்டி செத்துவிட்டது. அலனினுக்குக் குறைந்தது, ஆனாலும் நின்றது. அப்புறம் தயோபாஸ்பேட் (கந்தகம் சேர்ந்த பாஸ்பேட்) கொண்ட பென்சைல் ஏடிபியை, அதாவது அந்தப் பருத்த ஏடிபியை, லைசேட்டில் (உடைத்த செல்களின் சாறு) போட்டு, பிஎன்பிஎம் என்ற ரசாயனத்தால் அந்தத் தயோபாஸ்பேட்டை அல்கைலேட் செய்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) செய்தேன். மியூட்டன்ட் லேனில் வரிவரியாக பேண்டுகள்; பக்கத்து வைல்டு டைப் (மாற்றாத கைனேஸ்) லேன் கிட்டத்தட்ட காலி. அந்தக் காலி லேனை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். அது இல்லாத பிளாட்டை யார் காட்டினாலும் நம்பாதீர்கள். மிகத் தடித்த பேண்டைப் பார்த்தும் துள்ள வேண்டாம், பெரும்பாலும் அது கைனேஸ் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பாஸ்பேட்.

"பழைய முறை" என்று சிலர் சொல்வார்கள். 2003-ல் செல் பிரிவை நடத்தும் ஈஸ்ட் கைனேஸான சிடிகே1-க்கு சுமார் 200 சப்ஸ்ட்ரேட்களைத் தந்த முறை இது. "லைசேட்டில் எதுவும் எதையும் சந்திக்குமே" என்பவர்களுக்குப் பதில்: உண்மைதான். இந்த ஏடிபி செல் சவ்வைத் தாண்டாது என்பதால் லைசேட், இல்லாவிட்டால் டிஜிடோனின் என்ற பொருளால் சவ்வில் துளையிட்ட செல், இரண்டில் ஒன்றுதான் வழி. அதனால்தான் கிடைத்த ஒவ்வொரு சைட்டையும் (பாஸ்பேட் விழுந்த இடம்) செல்லுக்குள் தனியாகச் சோதித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மியூட்டன்டை உருவாக்கி, புரதத்தைச் சுத்திகரித்து, கண்ட்ரோல் எல்லாம் செய்தது நான். பேப்பரில் முதல் பெயராக வந்தது மாஸ் ஸ்பெக் டேட்டாவை அலசியவருடையது. அவர் உழைக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அலசுவதற்கு டேட்டா வந்ததே அந்த அலனினால்தான். ஆசிரியர் வரிசையை க்ளோனிங் தொடங்கும் முன்பே பேசி மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.