செட்: ஒரு வாசகியின் கேள்வி

அன்புள்ள சார்,

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. இங்கிலீஷ் டிக்‌ஷனரில 'செட்' பாத்துட்டு, இத்தனை அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணணுமான்னு அழுகாத குறை. அவளுக்கு என்ன சொல்ல?

வாசகி, நாமக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

மனப்பாடமே வேண்டாம்மா. பாப்பா மிரண்டதுல தப்பே இல்ல, 1989ல வந்த ஆக்ஸ்போர்ட் பெரிய அகராதில 'செட்' வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கு மேல அர்த்தம் இருக்கு, அப்புறம் 'ரன்' அதையும் தாண்டி 645க்குப் போயிடுச்சு, அந்த ஒரு சொல்லுக்காக பீட்டர் கில்லிவர்ங்கற அகராதிக்காரர் ஏறக்குறைய 9 மாசம் உக்காந்திருக்கார்.

ஆனா பாப்பாகிட்ட இதக் கேளுங்க: நம்ம 'வை'க்கு எத்தனை அர்த்தம்? அலாரம் வை, பொறி வை, தீ வை, விலை வை, காலடி எடுத்து வை. இதையெல்லாம் யாரும் அவளுக்கு லிஸ்ட் போட்டு சொல்லித் தரல, கேட்டுக் கேட்டு வந்தது, இப்ப நான் சொன்ன அத்தனை இடத்துலயும் இங்கிலீஷ்காரன் 'செட்'தான் போடுவான்! எனக்கு இது பிடிபட்ட அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

காரணம் என்னன்னா 'சிட்'டுன்னா உக்காரு, 'செட்'டுன்னா உக்கார வை, நம்ம ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு மாதிரி ஜோடி. வெலகின எலும்ப அதோட இடத்துல உக்கார வைக்கிறது, மோதிரத்துல கல்லு பதிக்கிறது எல்லாமே இதுல அடங்கிடும். சிமெண்ட் இறுகுறதும் சூரியன் மறையறதும்கூட இந்த 'செட்'தான், அங்க யாரும் வைக்கல, அதுவா அடங்கி உக்காருது. ஆனா ஒண்ணு, 'ரசம் வை'க்கு அங்க 'செட்' வராது, அதையும் சேத்தே சொல்லிடுங்க.

அப்போ செட் தோசைல இருக்கற செட்? ரெண்டு மூணு சேந்து வர்ற அந்த 'செட்' முக்கியமா வேற வழில வந்தது, லத்தீன் 'செக்டா', ஒருத்தர் பின்னாடி போற கூட்டம், பழைய பிரெஞ்சு வழியா உள்ள வந்து இதோட கலந்துடுச்சு. பாத்திர செட், காலேஜ்ல 'எங்க செட்டு'ன்னு சொல்றமே, எல்லாம் அந்த வகை.

அதனால அகராதிய மூடிட்டு, இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து 'வை'ய வச்சு எத்தனை வாக்கியம் வருதுன்னு எழுதிப் பாருங்க, அதுல எதுக்கெல்லாம் 'செட்' பொருந்துது எதுக்கு பொருந்தலன்னு அவளே பிரிக்கட்டும். அந்த லிஸ்ட்ட எனக்கு அனுப்பி வைங்க, நானும் பாக்கணும்.

அன்புடன்.